துடைத்துவைத்த போர்டுகள்

என் அண்ணன் சிறையில் இருக்கிறான். அவனை உள்ளே அனுப்பியது என் அண்ணி. இதை நான் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டு திரியவில்லை, அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியாகிவிட்டது. "ஆமாக்கா, நான்தான்" என்றாள். அவளோடு சண்டை போடுவதில் இருக்கிற கஷ்டமே இதுதான். வாய் நிறைய வார்த்தை தயார் செய்துகொண்டு போனால் முதல் வார்த்தையிலேயே ஒப்புக்கொண்டுவிடுவாள். மிச்சத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உறவில் அண்ணி, வயதில் என்னைவிடச் சின்னவள். எங்கள் தெருவில் அவளுக்குப் போர்டம்மா என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாரும் வழிகாட்டமாட்டார்கள். குள்ளமான உருவம், எப்போதும் நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, விரல் நுனியெல்லாம் சூடுபட்ட தழும்பு. பேச்சு என்றால் காசு கொடுத்து வாங்கவேண்டும். அவளுக்கும் சேர்த்து அண்ணன் பேசிவிடுவான். ஸ்குரூ டிரைவர் எங்கே என்று கேட்பதற்குள் ஒரு கதை சொல்லிச் சிரிக்கவும் வைத்துவிடுகிற ஆள்.

எங்கள் ஊரில் குளிர்காலம் வந்தால் குழாயில் தண்ணீர் உறைந்துபோகும். அதனால் வீட்டுக்கு வீடு பாய்லர் உண்டு. கேஸ் எரிந்து தண்ணீரைச் சூடாக்கும். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு அறையாக ஓடி, சுவரோரத்து இரும்புப் பட்டைகளைச் சூடாக்கும். எப்போது பற்றவைப்பது, எப்போது நிறுத்துவது, கோளாறு என்றால் எப்போது மொத்தமாக அணைப்பது என்பதையெல்லாம் முடிவு செய்வது பாய்லரோடு இருக்கும் கன்ட்ரோலர். அதைத் திறந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு. பாய்லர் வெறும் இரும்பு, அது நம்மைவிட அதிக நாள் இருக்கும். போர்டு அப்படி இல்லை, ஒரு இடிமின்னல் போதும். கம்பெனிக்குப் போன் செய்தால், "அந்த மாடலை நிறுத்திட்டோம், பாய்லரையே மாத்திடுங்க" என்பார்கள். சட்டையில் ஒரு பொத்தான் போனதற்கு ஆளையே மாற்று என்கிற கதை.

அங்கேதான் எங்கள் கடைக்குப் பிழைப்பு. வீடு இடிக்கிற இடங்களுக்கெல்லாம் அண்ணன் போய் பழைய கன்ட்ரோலர்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வருவான். அண்ணி ஒவ்வொன்றாகத் திறந்து, செத்ததைத் தள்ளி, உயிர் இருப்பதை எடுத்து, எது எந்த பாய்லருக்கு ஒத்துவரும் என்று பிரித்துவைப்பாள். கேட்க எளிது. ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஒரே நிறம் என்று இருக்கும், உள்ளே சென்சார் வேறு கணக்காக இருக்கும். வேறு வேறு கம்பெனிப் பெயர் ஒட்டியிருக்கும், பிரித்தால் இரண்டும் ஒரே தொழிற்சாலைச் சரக்காக இருக்கும். பிளக் பொருந்துகிறதே என்று செருகி, போர்டு கருகி, மூக்கால் அழுதுகொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடையில் போன் எடுப்பதும் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவதும் என் வேலை. புருஷன் போன பிறகு அண்ணன் என்னைக் கூட்டிவந்து மாடியில் குடிவைத்தான். சும்மா உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை.

கடையை நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு பிரிக்கும். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணி. அண்ணன் வெளியே, யாராவது ஒருவர் வீட்டுப் பாய்லர் அறையில் குனிந்துகொண்டிருப்பான். பாய்லர் மாட்டுகிற லைசென்ஸ் அவன் பெயரில். போர்டு விஷயத்தில் அவன் வாயைத் திறக்கமாட்டான். மாட்டுகிற விஷயத்தில் அவள் மூக்கை நுழைக்கமாட்டாள். அலமாரியை அவன் தொடமாட்டான். இந்த வீட்டுக்கு இன்ன பாய்லர் என்று சொல்வான், அவள் எடுத்துக் கையில் கொடுப்பாள், வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

"ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டு மாட்டக்கூடாதா" என்று நானே சொல்லியிருக்கிறேன்.

"அவ கொடுத்ததை நான் டெஸ்ட் பண்றதா? சோறு போட்டா உப்பு பார்த்துட்டுத்தான் சாப்பிடுவேன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்பான். அவன் அப்படித்தான். பெண்டாட்டி மேல் நம்பிக்கை வைப்பதைக் கூட ஊருக்குக் கேட்கிற மாதிரி வைப்பான்.

இப்போது ஒரு கம்பியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். பாய்லரில் எரிந்த புகை புகைக்குழாய் வழியாக வெளியே போகவேண்டும். குழாய் அடைத்துக்கொண்டால் புகை வீட்டுக்குள் திரும்பும். அதில் இருக்கிற விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான், அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கமாட்டோம். அதனால் கொஞ்சம் புதிய பாய்லர்களில் புகைக்குழாயின் வாயில் ஒரு சென்சார் வைத்திருப்பார்கள். புகை திரும்பினால் அது போர்டுக்குச் சொல்லும், போர்டு நெருப்பை அணைத்துவிடும். ரொம்பப் பழைய பாய்லர்களில் இந்தச் சென்சாரே கிடையாது. அவற்றுக்குப் புதிய போர்டைப் போட்டால், சென்சார் எங்கே என்று கேட்டு போர்டு அடம்பிடிக்கும், பற்றவே பற்றாது. அப்போது அண்ணி போர்டின் பின்பக்கத்தில், அந்த இரண்டு முனைகளையும் ஒரு சின்னக் கம்பியால் இணைத்து ஈயம் உருக்கி ஒட்டிவிடுவாள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று போர்டை நம்பவைக்கிற வேலை. மேலே கறுப்புப் பசை பூசிவிட்டால் கம்பி இருப்பதே தெரியாது.

அப்படிக் கம்பி போட்ட போர்டு பழைய பாய்லரில் இருக்கிறவரை யாருக்கும் புதிதாக ஒரு கெடுதலும் இல்லை. அதைச் சென்சார் உள்ள பாய்லரில் கொண்டுபோய் மாட்டினால்தான் வினை. சென்சார் கத்தும், போர்டுக்குக் கேட்காது. நாளைக்கு அந்தப் பழைய வீட்டையும் இடிப்பார்கள், அதே போர்டு சாக்கில் எங்களிடமே திரும்பி வரும். ஆகவே கம்பி போட்ட ஒவ்வொரு போர்டின் முன்பக்கத்து ஓரத்திலும் அண்ணி சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைப்பாள். விரலில் பூசி ஒருநாளும் நான் பார்த்ததில்லை, அந்தச் சீசா போர்டுக்கென்றே மேஜையில் இருந்தது. பொட்டு இருந்தால் பழைய பாய்லருக்கு மட்டும். இல்லாவிட்டால் சென்சார் உள்ளதற்குக் கொடுக்கலாம்.

இது அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அவள்தானே கையில் எடுத்துக் கொடுக்கிறாள், அப்புறம் அவனுக்கு எதற்கு என்று இருந்துவிட்டாள். அவனும் கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே கடை, ஒரே வீடு, ஒரே தட்டில் கூடச் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சிவப்பு எதற்கு என்று ஒரு பேச்சு வந்ததில்லை. என்னிடம் அவன் பின்னால் சொன்னது இது: "அவ பாலிஷ் பூசிக்கிட்டே வேலை பார்க்கிறா, சிந்திடுதுன்னு நினைச்சேன். பாவம், கண்ணு வேற சரியில்லைன்னு நினைச்சேன்."

கண் சரியில்லைதான். இரண்டு கண்ணிலும் புரை. போன குளிர்காலத் தொடக்கத்தில் ஆபரேஷன் செய்தார்கள். குனியக்கூடாது, சூட்டுக்குப் பக்கத்தில் போகக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது என்று ஆயிரம் கூடாது சொல்லி அனுப்பினார்கள். அண்ணி மாடியில் என் அறையில் கறுப்புக் கண்ணாடியோடு படுத்திருந்தாள். கீழே கடை அண்ணன் கையில்.

அவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அந்தச் சமயத்தில் ஒரு அம்மாள் கடைக்கு வந்து, "என்னங்க, குப்பையில பொறுக்கின மாதிரி இருக்கு, இதையா எங்க வீட்டுல மாட்டப்போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அது இவனுக்குச் சுருக்கென்றது. அண்ணி திரும்பி வரும்போது கடையே பளபளவென்று இருக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டான். ஒரு டப்பா பெயின்ட் தின்னர், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ். அலமாரியில் இருந்த போர்டை எல்லாம் இறக்கி, ஒவ்வொன்றாகத் தேய்த்து, துணியால் ஒற்றி, நியூஸ்பேப்பரில் காயவைத்து, அளவுவாரியாக அடுக்கினான். பாட்டு வேறு. "புதுசு மாதிரி இல்ல?" என்று என்னிடம் காட்டினான். புதுசு மாதிரித்தான் இருந்தது. அப்படி ஒரு பூரிப்பு அவன் முகத்தில்.

குளிர் ஏற ஏற போன் ஓயவில்லை. முடியாதென்று சொல்ல அண்ணனுக்கு வாய் வராது. எந்த பாய்லருக்கு எந்த மாடல் போர்டு என்கிற அளவுக்கு அவனுக்கும் தெரியும், அலமாரியில் மாடல் வாரியாகச் சீட்டும் ஒட்டியிருந்தது. அண்ணியைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று அவனே எடுத்துக்கொண்டு போய் இரண்டு வீட்டில் மாட்டிவிட்டு வந்தான். இரண்டிலும் போட்டவுடன் பற்றிக்கொண்டது. இரண்டு வீட்டுக்காரர்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒன்று தையல்காரர் வீடு. இன்னொன்று ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் வீடு, புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்தார்கள், ஒரே மகன் வெளியூரில் வேலை.

ஆபரேஷன் செய்த டாக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்ன அன்று காலை அண்ணி கடைக்கு இறங்கினாள். அண்ணன் அவள் தோளைப் பிடித்துத் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போய் நிறுத்தினான். கல்யாண வீட்டில் பெண்ணுக்கு நகை காட்டுகிற மாதிரி அலமாரியைக் காட்டினான்.

"எப்படி? இப்ப நல்லாத் தெரியுதுல்ல கண்ணு?"

அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் ஒரு போர்டை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"என்னங்க, இதுல சிவப்பா இருந்துச்சே."

"துடைச்சிட்டேன். எல்லாத்துலயும் சிந்தி வச்சிருந்தியே, ஒண்ணு விடாம துடைச்சாச்சு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பரவாயில்லை. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, ஒவ்வொரு போர்டாகப் பின்பக்கம் திருப்பி, நகத்தால் கறுப்புப் பசையைக் கீறிக் கீறிப் பார்த்தாள். கம்பி இருந்ததை எல்லாம் ஒரு பக்கம் வைத்தாள். அவளுக்கு நினைவிருந்த கணக்குக்கு இரண்டு குறைந்தது.

"நான் இல்லாதப்ப எத்தனை மாட்டுனீங்க?"

"ரெண்டு."

"சென்சார் வயரைக் கழட்டி, அணையுதான்னு பார்த்தீங்களா?"

அண்ணன் சிரித்தான். "உன் போர்டை நான் எதுக்குப் பார்க்கணும்?"

அப்போதுதான் அவள் அந்தச் சிவப்பு என்ன என்று சொன்னாள். நாலே வாக்கியம். அண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு போகத் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. நான் இரண்டு வீட்டுக்கும் போன் போட்டேன். தையல்காரர் வீட்டில் எடுக்கவில்லை. வாத்தியார் வீட்டில் லைன் பிஸியாகவே இருந்தது. மூன்று பேரும் வண்டியில் ஏறினோம்.

தையல்காரர் வீடுதான் பக்கம். அவர் எங்களை உள்ளே விடவே யோசித்தார். வீடு இப்போதுதான் சூடாகியிருக்கிறது, பெண்டாட்டி குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள், நீங்கள் வந்து கழற்றுகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று ஒரே சத்தம். "ஒழுங்கா வேலை செய்யறதைக் கழட்டிட்டு, மறுபடி மாட்டறேன்னு பணம் பிடுங்கலாம்னு பார்க்கிறீங்களா?" என்றார். அண்ணன் இதற்கெல்லாம் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்து உள்ளே போய்விடுவான். அன்றைக்கு அவன் வாய் எழும்பவில்லை. அண்ணி அவரை ஒதுக்கிவிட்டு நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். போர்டைக் கழற்றித் திருப்பினாள். கம்பி இருந்தது. புகைக்குழாயை அடியிலிருந்து மேல்வரை பார்த்தாள், சுத்தமாக இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த வேறு போர்டை மாட்டி, சென்சார் வயரைக் கழற்றி நெருப்பு அணைவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். தையல்காரர் கதவை அறைந்து சாத்தினார். வண்டியில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இதே மாதிரி அங்கேயும் திட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

வாத்தியார் வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். தணிந்த குரலில், கைகட்டிக்கொண்டு நிற்கிற கூட்டம். பார்த்தவுடன் யாருக்கும் புரிகிற கூட்டம்.

பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் சொன்னாள். "வாத்தியாரம்மா போயிட்டாங்க. நேத்து ராத்திரி தூக்கத்துலயே. ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்ததில்ல. கொடுத்துவச்ச சாவு, ஒரு கஷ்டம் இல்லாம போய்ச் சேர்ந்தாங்க." உடலை ஆஸ்பத்திரிக் குளிர்சாதன அறையில் வைத்திருந்தார்கள். மறுநாள் அடக்கம். மகன் அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தான்.

நான் அண்ணியின் கையைப் பிடித்தேன். "இதயம்னுதானே சொல்றாங்க. நல்லா விசாரிச்சுக்கலாம்" என்றேன். அண்ணன் வண்டியை விட்டே இறங்கவில்லை.

அண்ணி உள்ளே போனாள், நான் அவள் பின்னாலேயே போனேன். வீட்டுக்குள் நல்ல சூடு. ஜன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தி, இடுக்குகளில் துணி வைத்து அடைத்திருந்தார்கள். வாத்தியார் முன்னறையில் நாற்காலியில் இருந்தார். குறட்டை விடுகிறார் என்று அந்தம்மாள் அவரை வாசல் பக்கத்து அறைக்குத் துரத்தி ரொம்ப வருஷம் ஆகிறதாம், யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் படுக்கை அறைக்கு ஒட்டினாற்போல்தான் பாய்லர் அறை. நடுவில் ஒரு மெல்லிய கதவு. கட்டிலுக்குப் பக்கத்தில் தலைவலி மாத்திரை அட்டை, பாதி காலி.

பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. அண்ணி லைட்டரைப் பற்றவைத்து, புகைக்குழாயின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். குழாய் நல்லபடியாக இழுத்தால் சுடர் உள்பக்கம் சாயவேண்டும். சுடர் எங்களைப் பார்த்துச் சாய்ந்தது. அவள் கை இறங்கவே இல்லை. நான்தான் லைட்டரைப் பிடுங்கினேன். அவள் பாய்லரை அணைத்து, போர்டைக் கழற்றி, ஜன்னலில் இருந்த துணியை உருவி, கதவுகளைத் திறந்துவிட்டாள். வெளிக்குளிர் பாய்ந்து வந்தது. உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

அப்போது மகன் வந்தான். அழுது வீங்கின முகம். எங்களை யார் என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். ஏன் அணைத்தீர்கள் என்று கூடக் கேட்கவில்லை. அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்கு நான் நன்றி சொல்லணும்மா. ஒரு வாரம் குளிர்ல நடுங்கிட்டு இருந்தாங்க. கம்பெனிக்காரன் கைவிட்டுட்டான். நீங்க வந்து சரி பண்ணதுக்கப்புறம்தான் வீடு வீடா இருக்குன்னு போன்ல சொன்னாங்க. கடைசி நாள் குளிர் இல்லாம போனாங்க. அது உங்களாலதான்."

நான் அண்ணியின் முதுகில் விரலால் அழுத்தினேன். அவளுக்குப் புரிந்தது. போர்டு கையில் வந்துவிட்டது. பாய்லர் அணைந்துவிட்டது. புகைக்குழாய் அடைத்திருக்கிறது, சரி செய்யும்வரை போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்று இரவு அங்கே படுக்கிற யாருக்கும் ஆபத்தில்லை. போன உயிர் திரும்பப்போவதில்லை. ஊர் முழுக்க இதயம் என்று சொல்லி முடித்தாகிவிட்டது. வெளியே வண்டியில் என் கூடப் பிறந்தவன் உட்கார்ந்திருக்கிறான். வாயை மூடிக்கொண்டு வந்துவிடு என்று இதைவிட எப்படிச் சொல்வது?

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"நன்றி சொல்லாதீங்க தம்பி. உங்கம்மா இதயத்தால போகலை. இந்தப் புகையால போயிருக்காங்க. இது அணைஞ்சிருக்கணும். அணைய விடாம இதுல ஒரு கம்பி இருக்கு. போட்டது நான்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. அவள் போர்டைத் திருப்பிக் காட்டி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மறுபடி சொன்னாள். அவன் கேட்டு முடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எங்களை அடிக்கவில்லை, திட்டவில்லை.

"முந்தாநாள் போன் பண்ணாங்க" என்றான். "தலை விண்ணு விண்ணுன்னு வலிக்குது, ஜன்னலைத் திறக்கலாம்னா அப்பா விடமாட்டேங்கிறார், சூடெல்லாம் போயிடும்கிறார்னு சொன்னாங்க. நான் மீட்டிங்ல இருந்தேன். மாத்திரை போட்டுட்டுத் தூங்குங்கன்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆபீஸ் வேலை. அடக்கம் தள்ளிப்போனது. பரிசோதனையில் ரத்தத்தில் அந்தப் புகையின் விஷம் இருந்தது. புகைக்குழாயில் உடைந்த செங்கல்லும் பறவைக்கூடும் இருந்தன. அண்ணி போலீஸில் போய், கம்பி போட்டது நான், அடையாளம் என்ன என்று சொல்லாமல் விட்டதும் நான் என்று எழுதிக் கொடுத்தாள். அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு, மாட்டினது யார், லைசென்ஸ் யார் பெயரில் என்று கேட்டார்கள். கடையில் கம்பி போடுகிறவளைப் பிடிக்கச் சட்டத்தில் இடம் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னது அவள், உள்ளே போனது அவன். அண்ணன் கோர்ட்டில் வக்கீலைப் பேசவிடவில்லை. "மாட்டினவன் நான். ஒரு வயரைக் கழட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றான். அவ்வளவு நாள் பேசின பேச்சுக்கெல்லாம் சேர்த்து அவன் சுருக்கமாகப் பேசினது அதுதான்.

சிறைக்குப் போய்ப் பார்க்கும்போது அவன் அண்ணியைப் பற்றி ஒரு குறை சொல்வதில்லை. கண்ணுக்கு மருந்து விடுகிறாளா என்று கேட்கிறான். ஒரே ஒரு தடவை மட்டும், "எனக்கு நடந்தது சரி. அந்தப் பையன்கிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்" என்றான். நான் வந்து அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

"அவன் நன்றி சொன்னான்க்கா" என்றாள். "அதை வாங்கிட்டு எப்படி வீட்டுக்கு வர்றது?"

எனக்குக் கோபம்தான். இன்னும் கோபம்தான். நன்றியை வாங்கிக்கொண்டு வந்து இரண்டு நாள் அழுதிருக்கலாம், அண்ணன் வீட்டில் இருந்திருப்பான், அந்தப் பிள்ளையும் அம்மா நிம்மதியாகப் போனாள் என்று நம்பிக்கொண்டிருப்பான். இதில் யாருக்கு என்ன நன்மை வந்தது என்று எனக்கு யாராவது சொல்லட்டும்.

பனி விட்ட பிறகு ஒரு மத்தியானம் அந்த மகன் கடைக்கு வந்தான். பாய்லர் மாட்டுகிற வேலை நின்றுபோயிற்று. வெளியாட்கள் கொண்டுவரும் போர்டை மட்டும் அண்ணி பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என்னைத் தாண்டித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். இளைத்திருந்தான்.

"ஒண்ணு கேட்கணும். மாத்திரை போடுன்னு சொல்றதுக்குப் பதிலா, ஜன்னலைத் திறந்துவிடுங்கன்னு நான் சொல்லியிருந்தா, அம்மா பிழைச்சிருப்பாங்களா?"

நான் எழுந்து ஓடினேன். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அண்ணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன், தலையை ஆட்டினேன், கண்ணால் கெஞ்சினேன். தெரியாது என்று சொல், பெண்ணே. யாருக்குத் தெரியும் என்று சொல். டாக்டர்களே அப்படித்தானே சொல்கிறார்கள்.

அண்ணி என்னைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"பிழைச்சிருப்பாங்க" என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். எதிர்பார்த்து வந்தவன்தான் போலிருக்கிறது.

"அப்பாவும் உங்ககிட்ட வருவார்" என்றான். "இப்பல்லாம் அவர் யாரோடயும் பேசறதில்லை, அந்த ஜன்னல் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார். திறக்கவேணாம்னு சொன்னது அவர்தானே. அவர் வந்து கேட்டா தயவுசெஞ்சு இதைச் சொல்லாதீங்க. அவர் தாங்கமாட்டார்."

அவன் போன பிறகு அண்ணி தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து என் எதிரில் நின்றாள். வந்த நாளிலிருந்து என்னிடம் ஒரு உதவி கேட்டதில்லை அவள். தண்ணீர் கூட எடுத்துக் கொடு என்று சொன்னதில்லை.

"அக்கா, அவர் கேட்டா நான் சொல்லிடுவேன். எனக்கு வேற மாதிரி வராது. அவர் என்னைக் கேட்காம நீங்க பார்த்துக்குங்க."

பெரியவர் அடுத்த வாரமே வந்தார். கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தடுப்புக்குப் பின்னால் அண்ணி இருந்தாள். ஈயம் உருக்குகிற சூட்டுக்கோலைக் கீழே வைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

"போர்டம்மா இருக்காங்களா? ஒரே ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடறேன்."

"இல்லைங்களே. ஊருக்குப் போயிருக்கா. எப்ப வருவான்னு தெரியாது" என்றேன். கூசாமல் சொன்னேன். இந்த வீட்டில் பொய் சொல்ல ஒரு ஆளாவது வேண்டும், அது நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

அவர் தடுப்பையே பார்த்தார். இடுக்கு வழியாக விளக்கு வெளிச்சம் தெரிந்தது. கணக்கு வாத்தியார், இதைக் கூடவா கூட்டிக் கழித்துப் பார்க்கமாட்டார்?

"சரி" என்றார். "அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன்."

வாரா வாரம் வருகிறார். நானும் வாரா வாரம் ஊருக்குப் போயிருக்கிறாள் என்கிறேன். சரி என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போகிறார்.